வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் குழந்தை: தடுக்க வேண்டுமா?

கேள்வி
எழுதியவர்: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் இளைய மகளுக்கு ஐந்தரை வயது ஆகிறது. இந்த ஜூன் மாதம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். படம் வரையும்போதும், பசில் துண்டுகளைச் சேர்க்கும்போதும், சட்டைப் பொத்தானைப் போடும்போதும்கூட அவள் வாய் ஓய்வதில்லை. "கதவு இங்க வேணாம், இங்க மரம் வரும், அப்ப கதவு அந்தப் பக்கம்" என்று செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்கிறாள். யாரும் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் பதில் சொன்னால், எதற்குக் குறுக்கே பேசுகிறாய் என்பது போல் நிமிர்ந்து பார்க்கிறாள்.

சென்ற வாரம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை, இதனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் கவனம் கலைகிறது என்றும், வீட்டிலேயே இப்பழக்கத்தை நிறுத்திவிடுங்கள் என்றும் கூறினார். அவர் கடிந்து பேசவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். உறவினர் ஒருவர், பேச ஆளில்லாத ஏக்கத்தால் இப்படி ஆகிறது என்கிறார். என் மாமனார் மட்டும், "அவள் பேசவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறாள், விட்டுவிடு" என்கிறார். மூத்த மகனிடம் இப்பழக்கத்தை நான் கவனித்ததில்லை.

இதைத் தடுக்க வேண்டுமா, விட வேண்டுமா என்பது என் முதல் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சிந்திக்கும் திறன் வயது ஏற ஏறக் குழந்தைக்குள்ளிருந்து தானாக முளைப்பதா, அல்லது சுற்றியுள்ளவர்களோடு பேசிப் பழகுவதால் உருவாவதா? எங்கள் வீட்டில் பகலில் அவளோடு இருப்பவர் யார் என்பதை இவ்வாண்டு நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருப்பதால், இது எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

மறுமொழி 1
எழுதியவர்: கல்வி உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்

அம்மா, முதல் கேள்விக்கு நேராகவே விடை சொல்லிவிடுகிறேன்: தடுக்காதீர்கள். உங்கள் மாமனார் சொன்னது சரி. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் உளவியலின் இரு பெரும் அறிஞர்கள் கருத்து மாறுபட்டது சரியாக இந்த இடத்தில்தான்.

ஜெனீவாவில் ஜான் பியாஜே, ரூசோ நிறுவனத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் ஆறு வயதுக் குழந்தைகள் பேசியதையெல்லாம் வாக்கியம் வாக்கியமாகக் குறித்துவைத்து ஆராய்ந்து, 1923-இல் நூலாக வெளியிட்டார். அவற்றில் பாதியை நெருங்கும் அளவுக்கு எவரையும் நோக்கிச் சொல்லப்படாத பேச்சு இருந்தது. அதைத் தன்மையப் பேச்சு என்று அழைத்தார். கேட்பவரின் நிலையிலிருந்து பார்க்கும் ஆற்றல் குழந்தைக்கு இன்னும் வரவில்லை என்பதன் அடையாளம் அது, பிறரோடு பழகும் திறன் வளர வளர அது தானாக உதிர்ந்துவிடும் என்பது அவர் கருத்து.

பியாஜே பிறந்த அதே 1896-ஆம் ஆண்டில் பிறந்து, காசநோயால் 37 வயதிலேயே மறைந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதை ஏற்கவில்லை. அவர் குழந்தைகளை வரையச் சொல்லிவிட்டு, நடுவில் தாள் இல்லாமலோ தேவையான வண்ணப் பென்சில் இல்லாமலோ செய்தார். தடை வந்தவுடன் அந்தப் பேச்சு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. "பென்சில் எங்கே? நீலம் வேண்டுமே. பரவாயில்லை, சிவப்பில் வரைந்து தண்ணீர் தொட்டு இருட்டாக்கிவிடலாம்" என்பது போல, குழந்தைகள் பேசிப் பேசியே வழி கண்டார்கள். டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்த ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவனின் பென்சில் முனை முறிந்தது. "முறிந்துவிட்டது" என்று தனக்குள் சொன்னவன், வண்ணத்தூரிகையை எடுத்து, விபத்தில் உடைந்த டிராம் ஒன்றை வரையத் தொடங்கினான். வாயில் வந்த ஒரு சொல் அவன் செய்துகொண்டிருந்த வேலையின் போக்கையே மாற்றியது. ஆடுகின்ற கைக்குச் சும்மா தாளம் போடும் பேச்சாக இருந்திருந்தால் இப்படி நடக்காது.

அடுத்ததாக அவர் செய்த சோதனையை நான் இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். காது கேளாத குழந்தைகளுக்கு நடுவிலும், வேறு மொழி பேசும் குழந்தைகளுக்கு நடுவிலும் ஒரு குழந்தையை உட்காரவைத்தபோது தன்மையப் பேச்சு பெரிதும் குறைந்துவிட்டது. கேட்பவரைப் பற்றிய எண்ணமே இல்லாத பேச்சு என்றால், கேட்பவர் மாறும்போது அது ஏன் குறைய வேண்டும்? ஆகவே அது பிறரோடு பேசிய பேச்சிலிருந்து கிளைத்து வந்தது, இன்னும் முழுதாகப் பிரியவில்லை என்று அவர் முடிவு செய்தார். பெரியவர் குழந்தையை வழிநடத்தப் பேசுகிறார். குழந்தை அதே பேச்சை எடுத்துத் தன்னை வழிநடத்திக்கொள்கிறது. பின்னர் அப்பேச்சு சுருங்கி, முணுமுணுப்பாகி, ஓசையற்ற உட்பேச்சாகிறது. உதிர்வதில்லை, உள்ளே இறங்குகிறது.

அமெரிக்காவில் லாரா பெர்க் 1980-களில் வகுப்பறைகளிலேயே கணக்குப் போடும் பிள்ளைகளைக் கவனித்து எழுதியதும் இதற்கு இசைவாகவே இருக்கிறது: சிறிய வகுப்பில் உரக்கப் பேசுவது மிகுதி, மேல் வகுப்பில் அதுவே உதட்டசைவாகவும் கிசுகிசுப்பாகவும் மாறுகிறது. உங்கள் மகனிடம் நீங்கள் கவனிக்காதது, அவன் விரைவில் கிசுகிசுப்புக்கு மாறிவிட்டதால்கூட இருக்கலாம். ஆசிரியையிடம், "மெல்லச் சொல்லிக்கொள்" என்று அவளுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். "பேசாதே" என்பது வேறு, "மெல்லப் பேசு" என்பது வேறு. முதலாவது அவள் கையிலிருக்கும் கருவியைப் பிடுங்குவது. இரண்டாவது, எப்படியும் நடக்கவிருக்கும் மாற்றத்துக்குத் துணை நிற்பது.

மறுமொழி 2
எழுதியவர்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்

ஐயா எழுதியதில் தன்மையப் பேச்சைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். 1962-இல் வைகாட்ஸ்கியின் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது, இந்த விஷயத்தில் அவருடைய விளக்கத்துடன் தமக்கும் பெருமளவு உடன்பாடுண்டு என்று பியாஜேவே எழுதினார். ஆனால் பியாஜே சமூக உறவுகளைக் கணக்கில் கொள்ளாதவர் என்ற எண்ணம் இதைப் படிப்பவருக்கு வந்துவிடக்கூடாது. நம் ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் அவ்வளவு சுருக்கிச் சொல்லிவிடுவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெனீவா, நூஷாட்டெல் பகுதிச் சிறுவர்கள் ஆடிய கோலிக்குண்டு விளையாட்டின் விதிகளைப் பற்றி 1932-இல் பியாஜே ஒரு நூல் எழுதினார். பெரியவர் சொன்ன விதியைச் சிறுவன் மாற்றக் கூடாததாகவே எண்ணுகிறான். சமவயதினரோடு ஆடி, சண்டையிட்டு, உடன்பட்டு வரும்போதுதான் விதி என்பது நாமே பேசி வகுத்துக்கொள்வது என்று புரிந்துகொள்கிறான் என்பது அவர் கண்டது. அதாவது, சிந்தனையைக் கூர்மையாக்குவதில் பெரியவரைவிடச் சம நிலைத் தோழனுக்கே அவர் முதலிடம் தருகிறார். பெரியவர் சொன்னால் குழந்தை ஒப்புக்கொண்டு விடும், தோழன் சொன்னால் "ஏன்?" என்று கேட்கும்.

1970-களில் அதே ஜெனீவாவில் துவாஸ், மூன்யி, பெரே-கிளெர்மோன் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். ஒரு குவளையிலிருந்து ஒடுக்கமான குவளைக்கு நீரை ஊற்றினாலும் அளவு மாறாது என்பதை இன்னும் உணராத குழந்தைகளை, உணர்ந்த குழந்தைகளோடு சேர்த்துப் பகிர்ந்தளிக்கும் வேலை ஒன்றைக் கொடுத்தபோது, உணராத குழந்தைகளில் பலர் பின்னர் தனியே கேட்கப்பட்டபோதும் முன்னேறியிருந்தார்கள். என் வகுப்பில் கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை நான் நான்கு முறை விளக்கியும் பிடிபடாத பிள்ளைக்கு, பக்கத்துப் பிள்ளையோடு நடந்த ஒரே தர்க்கத்தில் அது விளங்கிவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே அம்மா, பகலில் அவளோடு யார் இருப்பது என்று முடிவு செய்யும்போது, அன்பான பெரியவர் ஒருவரை மட்டும் எண்ணாதீர்கள். அவளோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டும் பிள்ளைகளும் வேண்டும்.

மறுமொழி 3
எழுதியவர்: செவித்திறன் குறைந்த குழந்தைகளின் சிறப்பாசிரியர்

என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெற்றோர் சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் செவிகேளாக் குழந்தைகள், கடினமான வேலையில் இருக்கும்போது தமக்குத்தாமே சைகை செய்துகொள்வார்கள். உங்கள் மகள் வாயால் செய்வதை இவர்கள் விரல்களால் செய்கிறார்கள். யாருக்கும் காட்டாத, மார்புக்கு அருகில் சிறுத்துப்போன சைகை அது. ஒலி இல்லாமலும் இது நடக்கிறது என்றால், அடிப்படை குரலில் இல்லை, உறவில் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

அந்த உறவு கிடைக்காத குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்பதற்கு நிகராகுவா நாட்டுச் சான்று என்னை மிகவும் பாதித்தது. 1970-களின் பிற்பகுதியில் மனாகுவா நகரில் செவிகேளாக் குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கும்வரை அங்கே அவர்கள் தனித்தனி வீடுகளில், பொதுவான மொழியே இல்லாமல் வளர்ந்தார்கள். பள்ளியில் ஒன்றுசேர்ந்தபோது, எவரும் கற்பிக்காமல் தாமே ஒரு சைகை மொழியை உருவாக்கினார்கள். பின்வந்த இளையவர்கள் அதை மேலும் வளப்படுத்தினார்கள். ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரு தலைமுறையினரையும் ஒப்பிட்டது. ஒருவன் பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போன பின் மற்றவன் இடம் மாற்றிவிட்டால், திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? "அவன் நினைப்பது வேறு, உண்மை வேறு" என்று பிரித்துப் பார்க்கக் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான குழந்தைகள் நான்கு, ஐந்து வயதில் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். இளைய தலைமுறையினர் சரியாகச் சொன்னார்கள். மூத்தவர்களோ, வேலைக்குப் போகும் வயதுவந்தவர்களாக இருந்தும் தடுமாறினார்கள். நினைப்பது, அறிவது போன்ற உள்ளத்துச் செயல்களைக் குறிக்கும் சைகைகள் அவர்களிடம் மிகக் குறைவு.

ஆனால் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இளையவர்களோடு செவிகேளாதோர் சங்கத்தில் பழகியதால் அச்சைகைகளைக் கற்றுக்கொண்ட மூத்தவர்கள் அதே சோதனையில் முன்னேறியிருந்தார்கள். மூளை முதிர்ச்சி மட்டுமே போதுமென்றால் அவர்கள் இருபது வயதுவரை காத்திருக்க நேர்ந்திருக்காது. அதே நேரத்தில், காலம் கடந்துவிட்டது என்று எந்தக் குழந்தையையும் கைவிடக்கூடாது என்பதற்கும் இதுவே சான்று. நான் பணியிலிருக்கும் ஊரில், மகனுக்குக் காது கேட்காது என்று தெரிந்த பின் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்ட பெற்றோரைச் சந்திக்கிறேன். சைகையும் இல்லை, முகம் பார்த்துச் சொல்வதும் இல்லை; உணவும் உடையும் மட்டும். அவர்களுக்கு இந்தச் செய்தி எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்பதே என் தவிப்பு.

பகலில் யார் இருப்பது என்ற கேள்விக்கு இன்னொன்று: திரையை அந்த ஆளாகக் கணக்கிடாதீர்கள். பாட்ரிசியா கூல் 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர் எதிரில் அமர்ந்து விளையாடியபடி 12 முறை பேசியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. அதே பேச்சைப் படப்பதிவாகக் காட்டியபோது பிடிபடவில்லை.

கேள்வி எழுதியவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த பின், இந்த மூன்று வாரங்களாக மகள் என்ன பேசுகிறாள் என்பதைத் தடுக்காமல் பக்கத்தறையிலிருந்து கேட்டு, ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். எளிய பசிலுக்குப் பேச்சே இல்லை. நாற்பது துண்டுகள் உள்ளதைக் கொடுத்தபோது ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. "மொதல்ல ஓரம் தேடு." "வராதத வச்சு அமுக்காத, திருப்பிப் பாரு." "அவசரம் இல்ல, சாயங்காலம் வரைக்கும் நமக்கு வேலை இல்ல." இவை அவள் வயதுப் பிள்ளை பேசும் வாக்கியங்கள் அல்ல. நான்கு வயதிலிருந்து அவளோடு தரையில் உட்கார்ந்து பசில் சேர்க்கும் என் மாமனார் பேசும் பேச்சு, சொல் மாறாமல் அப்படியே இருக்கிறது. நேற்று அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார்.

ஆசிரியையிடமும் பேசினேன். அவளைச் சன்னல் ஓரத்து இருக்கைக்கு மாற்றி, மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். மாலையில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் நாளே ஓரம் முதலிலா, நடு முதலிலா என்று சண்டை தொடங்கிவிட்டது.