நைட்ரஸ் மிக்ஸரை அலமாரிக்குள் வைக்கலாமா? நாளை மறுநாள் ஆசாரி வருகிறார்

தண்டையார்பேட்டை பல்:
தண்டையார்பேட்டையில் சின்னப் பல் கிளினிக், அறை பத்துக்குப் பத்துதான். ஊசியைப் பார்த்ததுமே பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவதால் பயத்தைத் தணிக்கிற நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும் ஆக்ஸிஜனும் கலந்து கொடுக்கிற மிக்ஸர் ஒன்று வாங்கினேன், கிளினிக்கை மூடிய ஒரு டாக்டரிடம், அமெரிக்க மாடல். சிலிண்டர் கண்ணில் பட்டாலும் பிள்ளைகள் மிரளும், அதனால் எல்லாவற்றையும் பிளைவுட் அலமாரிக்குள் வைத்துவிட்டு வாயு ஓடும் அளவை உருண்டை ஏறிக் காட்டும் ஃபுளோமீட்டர் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செய்ய யோசனை. கீழ்த்தட்டில் ஏற்கெனவே கம்ப்ரஸர் ஓடுகிறது. கதவு போடும் முன் என்ன பார்க்கணும்?

வியாசர்பாடி ஃபிட்டர்:
முதலில் அந்தக் கம்ப்ரஸரை வெளியே எடுங்க டாக்டர். நைட்ரஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, 36.5 டிகிரி தாண்டினால் திரவமாக இருக்கவே முடியாது, மொத்தமும் வாயுவாகி அழுத்தம் மளமளவென்று ஏறும். அக்னி நட்சத்திரத்தில் நம்ம பக்கம் வெளியிலேயே அதற்கு மேல் போகிறது, மூடிய அலமாரிக்குள் ஓடுகிற கம்ப்ரஸரையும் வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்க. அதில் எண்ணெயும் இருக்கலாம், ஆக்ஸிஜன் பக்கத்தில் எண்ணெய், கிரீஸ் வாடையே கூடாது, ஸ்பேனர் பிடிக்கிற கை உட்பட. கதவில் மேலேயும் கீழேயும் காற்றுத் துளை விடச் சொல்லுங்க, கீழே கட்டாயம், நைட்ரஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் அடியில்தான் தேங்கும். உள்ளே ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் வேண்டாம். சிலிண்டரைச் சங்கிலி போட்டு நிமிர்த்தி நிறுத்துங்க, பூட்டு போட்டாலும் வால்வுக்குச் சட்டென்று கை போகணும்.

பெரம்பூர் டாக்டரம்மா:
அமெரிக்க மாடல் என்றால் கலரைப் பாருங்கள். அங்கே ஆக்ஸிஜனுக்குப் பச்சை, இங்கே சிலிண்டர் கறுப்பு, தோள்பட்டை மட்டும் வெள்ளை. நைட்ரஸ் இரண்டு ஊரிலும் நீலம். சிலிண்டர் மாட்டும் இடத்தில் பின் இன்டெக்ஸ் (ஒவ்வொரு வாயுவுக்கும் வேறு வேறு இடத்தில் பின்கள்) இருப்பதால் மாற்றி மாட்டவே முடியாது, ஆனால் சுவருக்குள் போகிற பைப்புக்கு அந்தக் காவல் இல்லை. எங்கள் கிளினிக்கில் பைப் போட்டவர் இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்!

தண்டையார்பேட்டை பல்:
ஐயோ! ஆனால் ஆக்ஸிஜன் நின்றால் நைட்ரஸும் தானாக நிற்கும் ஃபெயில்சேஃப் இதில் இருக்கிறதே மேடம்? 30 சதவீதத்துக்குக் கீழே ஆக்ஸிஜன் போகாது என்றும் சொன்னார்களே?

பெரம்பூர் டாக்டரம்மா:
அது பார்ப்பது அழுத்தத்தை மட்டும். பச்சைக் குழாயில் வருவது எந்த வாயு என்று அதற்குத் தெரியாது, நைட்ரஸ் வந்தாலும் ஆக்ஸிஜன் என்று நம்பித் திறந்தே இருக்கும், அந்த 30 சதவீதக் கணக்கும் அதோடு போச்சு. நான் கண்டுபிடித்தது இப்படித்தான்: இரண்டு வால்வையும் மூடி, லைனில் மிச்சமிருப்பதை வெளியேற்றிவிட்டு, நைட்ரஸ் சிலிண்டரை மட்டும் திறந்தேன். எந்த உருண்டையும் அசையக் கூடாது. பச்சை உருண்டை மேலே ஏறியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இந்தச் சோதனை சரியாக வந்தாலும், ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசரை முனையில் பிடித்து 100 வைத்தால் 100, 50 வைத்தால் 50 வருகிறதா என்று பார்க்காமல் ஒரு பிள்ளை மூக்கிலும் மாஸ்க் வைக்காதீர்கள்.

ராயபுரம் கடலோரம்:
எல்லாரும் உள்ளே போகிற வாயுவையே பேசுகிறீர்கள், பிள்ளை வெளியே விடுகிற மூச்சு எங்கே போகிறது? ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும், நாள் முழுக்க அதைச் சுவாசிப்பது நீங்களும் நர்ஸும்தான். வெளிவிடும் மூச்சை உறிஞ்சி எடுக்கும் ஸ்கேவெஞ்சிங் மாஸ்க் போட்டு, நிமிடத்துக்கு 45 லிட்டர் உறிஞ்சி, குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் வேண்டாம்.

தண்டையார்பேட்டை பல்:
கம்ப்ரஸர் பால்கனிக்குப் போகிறது, கதவு வேலையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன், ஆசாரிக்குக் கொஞ்சம் கோபம். ஒன்று மட்டும் புரியவில்லை, ஆக்ஸிஜன் கேஜில் முள் இறங்குகிறது, நைட்ரஸில் அசையவே இல்லை. கேஜ் பழுதா?

வியாசர்பாடி ஃபிட்டர்:
பழுதில்லை டாக்டர். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் 750 பிஎஸ்ஐ பக்கமே நிற்கும், திரவம் தீர்ந்ததும் விறுவிறுவென்று விழும். வீட்டு சமையல் கேஸ் மாதிரிதான், எடை போட்டுத்தான் மிச்சம் தெரியும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். ஒரு தராசு வாங்கி அலமாரிக்குள் வைக்க இடம் விடச் சொல்லுங்க, ஆசாரி இன்னும் கோபப்பட்டாலும் பரவாயில்லை.