குயில்ட் பைண்டிங் பட்டை: 2¼ இஞ்ச்சா, 2½ இஞ்ச்சா?

மீனா: அத்தை, துண்டுத் துணி சேர்த்த குயில்ட் போர்வை தைச்சு ஓரம் நேரா வெட்டியாச்சு. 60-க்கு 80 இஞ்ச். ஓரத்தைச் சுத்தி மூடுற பைண்டிங் பட்டை 2½ இஞ்ச் அகலத்துல வெட்டட்டுமா?

வசந்தா அத்தை: இரு கண்ணு, கத்தரி வைக்காதே. உள்ளே நடு அடுக்கா என்ன பேட்டிங் வச்சே? துண்டு சேர்த்த முக்கோணங்களோட முனை ஓரம் வரைக்கும் வருதா?

மீனா: மெல்லிசு காட்டன். நாலு பக்கமும் முனை வருது, பார்டர் வைக்கல.

வசந்தா அத்தை: அப்போ 2¼ போதும். ரெண்டா மடிச்சா 1⅛. கால் இஞ்ச் தையலுக்குப் போக ⅞ மிச்சம். அதுதான் ஓரத்தைச் சுத்தி பின்னாடி போய் தையலை மூடணும். மெல்லிசு பேட்டிங்குக்கு அது தாராளம்.

சுதா: 2½ல என்ன அத்தை கெடுதல்?

வசந்தா அத்தை: பட்டையில கெடுதல் இல்ல சுதா. மிச்சத் துணியை அடக்க ⅜ பிடிச்சுத் தைப்பாங்க, அதுதான் கெடுக்கும். துண்டு சேர்த்ததே கால் இஞ்ச் மார்ஜின்ல. ⅜ பிடிச்சா ஒவ்வொரு முனையும் ⅛ இஞ்ச் மழுங்கிப் போகும். கால் இஞ்ச்லயே தைச்சு தளர்வா மடிச்சா, ஓரம் உள்ளே வெறுமையா நிக்கும். விரலால அமுக்கிப் பாரு, பொக்குன்னு இருக்கும். பேட்டிங் மடிப்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கணும், இல்லேன்னா துவைக்கத் துவைக்க அந்த மடிப்புதான் முதல்ல நைஞ்சு போகும்.

சுதா: கனமான பாலியஸ்டர் பேட்டிங்னா?

வசந்தா அத்தை: அதுக்கு 2½. 2¼ அங்கே பின்பக்கத் தையலை எட்டாது. ரெண்டு பக்கமும் மெஷின்லயே முடிக்கிறதா இருந்தாலும் 2½தான். முன்பக்கம் பட்டை சேர்ற பள்ளத்துல ஓட்டுற தையல் பின்னாடி பட்டையைப் பிடிக்கணுமே. கையால ஹெம்மிங்னா 2¼ அழகா உக்காரும்.

மீனா: கையாலதான் அத்தை. 44 இஞ்ச் பன்னா (அகலம்) துணி, 7 பட்டை போதுமா? சுத்தளவு 280.

சுதா: கரை வெட்டினா 42. ஏழு பட்டை 294. போதும்போலயே.

வசந்தா அத்தை: போதாது. சாய்வா ஒட்டுற ஒவ்வொரு இடத்துலயும் பட்டை அகலம் அளவு குறையும். 6 ஒட்டுக்கு 13½ போச்சு, மிச்சம் 280½. மூலை மடிக்கவும் கடைசி ஒட்டுக்கும் 12 இஞ்ச் வேணும். 8 பட்டை வெட்டு. 18 இஞ்ச் துணி ஆகும். நனைச்சா சுருங்கும், 60 சென்டிமீட்டரா வாங்கிடு.

மீனா: ஓரம் நேர்தான், கிராஸா, அதாவது சாய்வா வெட்டின துணி வேண்டாம்ல?

வசந்தா அத்தை: வேண்டாம். வளைஞ்ச ஓரத்துக்குத்தான் கிராஸ். வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய். ஓரம் வெட்டினப்ப விழுந்த பேட்டிங் துண்டுல 4 இஞ்ச் எடு. 2¼ல ஒரு சின்னப் பட்டை தைச்சு மடிச்சுப் பாரு. பின்பக்கம் தையல் நூல் தெரியாம மூடினா சரி. இழுத்துப் பிடிச்சாத்தான் மூடுதுன்னா 2⅜ போ.

மீனா: மூலையில தையலை எங்க நிறுத்தணும்?

வசந்தா அத்தை: ஓரத்துக்குக் கால் இஞ்ச் முன்னாடி. அங்கிருந்து மூலைக்குச் சாய்வா ஓட்டி எடு, பட்டையை மேலே மடி, திரும்ப ஓரத்தோட சேர்த்துக் கீழே மடி. கால் இஞ்ச் தாண்டி ஓட்டினா மூலை திரும்பவே திரும்பாது.