கோத்தகிரி பக்கம் டவர் விவரம் வேணும், யாராச்சும் பார்த்துச் சொல்லுங்களேன்

வணக்கம். கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் இருக்கிற அண்ணன், அக்கா யாராச்சும் உதவுங்க. எங்க எஸ்டேட் மேட்டு டவர்ல சமீபத்துல ஆளுங்க ஏறி புது ஆன்டெனா மாட்டினாங்க. அதுக்கப்புறம் போன்ல சிக்னல் கோடு நிறையத்தான் காட்டுது, வேகம் மட்டும் அப்படியே இருக்கு. (கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க.)

போன் எந்த டவரை, எந்த அலைவரிசையைப் பிடிக்குதுன்னு காட்டுற நெட்மான்ஸ்டர் ஆப்ல முன்னெல்லாம் பேண்ட் 5, அதாவது 850 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான் வரும். இப்ப பேண்ட் 3, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ் எட்டிப் பார்க்குது, அதுவும் தேயிலைக்கு நடுவுல நின்னாத்தான். அடுப்படிக்குள்ள வந்தா திரும்ப 5. 1800 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்ட மக்கர் பண்ணும், அது புரியுது. ஆனா அந்த பேண்ட் 3 நம்ம டவரா, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து டவரா? அங்கதான் குழப்பம்.

போன் பிடிச்சிருக்கிற ஆன்டெனாவுக்கு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் செல் ஐடி. 4ஜி செல் ஐடியை 256-ஆல வகுத்தா வர்ற முழு எண் எந்த டவர்னு சொல்லும், மீதி அந்த டவர்ல எந்த செக்டர், அதாவது எந்தத் திசை ஆன்டெனான்னு சொல்லும். அதனால உங்க இடத்துல வைஃபையை அணைச்சிட்டு, செல் ஐடியும் பேண்டும் தெரியற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்க. டைமிங் அட்வான்ஸ் (டவர் தூரத்துக்கு ஏத்த மாதிரி மாறுற எண்) காட்டுற போன்னா ரொம்ப நல்லது. 4ஜியில ஒரு படிக்குச் சுமார் 78 மீட்டர்னு தூரம் கணக்குப் போட்டுடலாம். ஐஎம்இஐ நம்பர் (போனோட அடையாள எண்), போன் நம்பர் ரெண்டையும் மறைச்சிடுங்க.

இன்னொண்ணு. டவருக்கு நெட் கொண்டு வர ஃபைபர் கேபிள் வந்திருக்கா, இல்ல இன்னும் அடுத்த டவர்ல இருந்து காத்து வழியா வாங்குற மைக்ரோவேவ் தட்டுதானா? அந்த இணைப்பு சின்னதா இருக்கறதாலதான் வேகம் ஏறலையோன்னு எனக்குச் சந்தேகம். டவர் வேலை பார்க்கிறவங்க இருந்தா சொல்லுங்க.