வங்கதேச விருந்தினரின் நுழைவுக் கட்டணம்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலூர் காந்தி சாலையை ஒட்டிய தெருவில் சிறிய விடுதி நடத்தி வருகிறேன். எங்களிடம் தங்குவோரில் பெரும்பாலோர் சிகிச்சைக்காக வங்கதேசத்திலிருந்து வருபவர்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் செஞ்சிக்கோ மாமல்லபுரத்துக்கோ போய்வர விரும்புவார்கள்.

சென்ற மாதம் அப்படியொரு குடும்பத்தை நானே ஒரு நினைவுச் சின்னத்துக்கு அழைத்துச் சென்றேன். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கையால், மருத்துவ அறிக்கைகளுக்கு நடுவிலிருந்து பச்சை நிறக் கடவுச்சீட்டை அந்த அம்மா எடுத்து நீட்டியதும், வெளிநாட்டவர் கட்டணம்தான் என்று கவுன்ட்டரில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அவர் எதுவும் பேசாமல் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

மத்தியத் தொல்லியல் துறை 2018-இல் திருத்திய கட்டணப்படி மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்னும் அண்டை நாடுகளின் கூட்டமைப்புகளைச் சேர்ந்த நாட்டவர்களுக்கு இந்தியருக்குரிய கட்டணமே பொருந்தும் என்பதும் அதே விதியில் உள்ளது. வங்கதேசம், இலங்கை, நேபாளம் மூன்றும் இதில் அடங்கும். (தாஜ்மகாலில் இவர்களுக்குத் தனிக்கட்டணம்.) பராமரிப்புக்காக வெளிநாட்டவரிடம் கூடுதலாக வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, விதி தந்த சலுகை உரியவருக்குக் கிடைக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

இச்சலுகையைப் பெற்றுத் தந்த சுற்றுலா வழிகாட்டிகளோ வாகன ஓட்டுநர்களோ இங்கிருந்தால், கவுன்ட்டரில் எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள், கடவுச்சீட்டின் நகலை ஏற்றார்களா, மறுத்தால் யாரிடம் முறையிட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். அரசாணையின் தெளிவான நகல் வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால், வங்காள மொழிக் குறிப்புடன் அச்சிட்டு ஒவ்வோர் அறையிலும் வைத்துவிடுவேன்.