ஆலப்புழை படகு வீடு: 16,500-க்கும் 27,000-க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம்ம டெல்டாவிலேயே ஏதாவது உண்டா?

மன்னை வாசி:

வணக்கம். மன்னார்குடியிலேருந்து எழுதுறேன். அரையாண்டு லீவுல ஒரு ராத்திரி படகுல தங்கணும்னு பிள்ளைங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. பெரியவங்க 8 பேர், சின்னவங்க 2 பேர். எங்க அப்பாயிக்கு வயசு 78, முழங்கால் வலி. ஆனா அவங்கதான் எல்லாரையும் விட ஆசையா இருக்காங்க.

ஆலப்புழையில ரெண்டு பேர்கிட்ட விலை கேட்டேன். ரெண்டுமே மூணு ரூம் படகு, ஒரு ராத்திரி, சாப்பாட்டோட. ஒருத்தர் 16,500 சொல்றார், இன்னொருத்தர் 27,000 சொல்றார். போட்டோவுல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. கம்மியா சொல்றவர்கிட்ட போனா அங்க போய் மாட்டிக்குவோமா, கூட சொல்றவர் நம்மகிட்ட சும்மா ஏத்தி சொல்றாரான்னு புரியல. இவ்வளவு செலவு பண்றதுக்கு நம்ம பக்கமே, பிச்சாவரமோ முத்துப்பேட்டையோ, ராத்திரி தங்கற மாதிரி படகு உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நீடாமங்கலத்துக்காரன்:

சொந்த ஊரு நீடாமங்கலம், வேலை கொச்சியில. ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்களை ஆலப்புழைக்குக் கூட்டிட்டுப் போறது என் தலையிலதான் விழும், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல, ஒரு ராத்திரி வாடகைன்னா என்ன வாங்குறோம்னு பாருங்க. மத்தியானம் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்கணும். கணக்குக்கு 21 மணி நேரம். ஆனா சாயங்காலம் அஞ்சரை வாக்குல எல்லாப் படகையும் கரையில கட்டிடணும். அதுக்கப்புறம் மீன்காரங்க வலை போடுற நேரம், படகு வீடு ஓடக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் கட்டிடுவாங்க. காலையில டிபனுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு சின்னச் சுத்து. மொத்தத்துல படகு நிஜமா ஓடுறது அஞ்சு மணி நேரம், அவ்வளவுதான். மிச்ச நேரம் அது கரையில கட்டின லாட்ஜ்தான். அதனால யார்கிட்ட பேசினாலும் "எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க, எந்த வழியா போவீங்க"ங்கிறதுதான் முதல் கேள்வியா இருக்கணும்.

ரெண்டாவது ஏசி. நிறைய படகுல ராத்திரி 9 மணியிலேருந்து காலை 6 மணி வரைக்கும்தான் ஏசி. பகல்லயும் வேணும்னா ஜெனரேட்டர் ஓடணும், டீசல் செலவு, அதுக்குத் தனி ரேட். "ஏசி படகு"ன்னு சொன்னாலே நாள் பூரா ஓடும்னு எடுத்துக்காதீங்க.

மூணாவது ஆள் கணக்கு. மூணு ரூம்னா பல பேர் ஆறு பேருக்குத்தான் விலை சொல்வாங்க. நீங்க 10 பேர். மிச்சம் நாலு பேருக்கு எவ்வளவுன்னு கேட்டீங்களா? குழந்தைக்கு எந்த வயசு வரைக்கும் காசு இல்லைன்னும் கேளுங்க, அது ஆளுக்கு ஆள் மாறும்.

நாலாவது தேதி. டிசம்பர் 20-க்கு மேல ஜனவரி முதல் வாரம் வரைக்கும் அங்க விலை உச்சத்துல நிக்கும். ஊரே கிறிஸ்துமஸ், புத்தாண்டு கூட்டத்துல இருக்கும். நீங்க கேட்டது எந்தத் தேதிக்கு, அவர் சொன்னது எந்தத் தேதிக்குன்னு உறுதி பண்ணிக்குங்க.

இந்த நாலையும் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டுட்டு வந்து இங்க எழுதுங்க. வித்தியாசம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்.

மன்னை வாசி:

ரொம்ப நன்றி அண்ணே. இன்னைக்கே ரெண்டு பேருக்கும் போன் பண்ணினேன்.

16,500 சொன்னவர்: ஆறு பேருக்குத்தான் அந்த விலையாம். கூடுதல் பெரியவங்களுக்கு ஆளுக்கு 1,500, சின்னவங்களுக்கு 750. அப்போ 3,000-மும் 1,500-மும் சேர்த்தா 21,000. ஏசி ராத்திரி மட்டும், பகல்லயும் வேணும்னா 3,000. ஆகமொத்தம் 24,000. தேதியைச் சொன்னதும் "டிசம்பர் 23-க்கு மேலன்னா திரும்ப ஒரு தடவை கேட்டுக்குங்க"ன்னார்.

27,000 சொன்னவர்: பத்து பேருக்கும் சேர்த்து, நாள் பூரா ஏசி, டிசம்பர் 26 தேதிக்கே அந்த விலை. ஆளுக்கு ஒரு கரிமீன் பொரிச்சது உண்டாம். வழியில இறால் வாங்கிக் குடுத்தா சமைச்சுத் தருவாங்க, அந்த இறாலுக்கு நம்ம காசு.

அப்போ நிஜ வித்தியாசம் 3,000 தானா?

நீடாமங்கலத்துக்காரன்:

ஆமா. அதுவும் முதல் ஆள் டிசம்பர் ரேட்டைத் திரும்பச் சொன்னா அந்த 3,000-மும் நிக்காது. என்னைக் கேட்டா ரெண்டாவது ஆள்தான் ஒளிவு மறைவு இல்லாம பேசியிருக்கார்.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிடறேன். போட்டோவுல காட்டுற படகு ஒண்ணு, துறையில நிக்கிறது வேறொண்ணுன்னு ஆகுறது அங்க நடக்கிறதுதான். படகோட பேரையும் பதிவு எண்ணையும் வாங்கி வச்சுக்குங்க. அட்வான்ஸ் கொஞ்சமா குடுங்க, மிச்சம் படகுல ஏறி ரூமு, பாத்ரூம் எல்லாம் பார்த்துட்டு.

அப்பாயி விஷயம் முக்கியம். ஆலப்புழையில புன்னமடைத் துறையில படகுகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா கட்டியிருப்பாங்க. உங்க படகு மூணாவதா நின்னா, முன்னாடி நிக்கிற ரெண்டு படகையும் தாண்டித்தான் ஏறணும். ஒவ்வொரு தடவையும் விளிம்புல காலைத் தூக்கி வச்சு, நடுவுல தண்ணி தெரியுற இடைவெளியைத் தாண்டி அடுத்த படகுல கால் ஊணணும். முழங்கால் வலிக்காரங்களுக்கு அது பெரிய வேலை. "வயசானவங்க இருக்காங்க, படகைக் கரையோட ஒட்டி நிறுத்தி ஏத்துங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிட்டா செஞ்சு குடுப்பாங்க. ஏறும்போது சொன்னா முடியாது. மாடி இல்லாத படகா, ரூமெல்லாம் கீழேயே இருக்கிறதா கேளுங்க.

வெண்ணாற்றங்கரை:

நம்ம ஊர்லயே படகு வீடு உண்டான்னு கேட்டிருக்கீங்க. பொதுப்பணித்துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இதுக்கு நான் பதில் சொல்றேன் தம்பி.

ஆலப்புழையைச் சுத்தியிருக்கிற குட்டநாடு கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற பூமி. வேம்பநாட்டுக் காயலும் அதோட சேர்ந்த தோடும், அதாவது வாய்க்காலும், வருஷம் பூரா நிறைஞ்சு நிக்கிற தண்ணி. ஓட்டம் கம்மி, ஆழம் இருக்கு. அதனாலதான் கெட்டுவள்ளம்கிற சரக்குப் படகுல நெல்லை ஏத்தி கொச்சி வரைக்கும் கொண்டு போனாங்க. லாரி வந்து அந்தப் பிழைப்பு போனதும் அதே வள்ளத்து மேல ரூம் கட்டி விட்டாங்க.

நம்ம ஆறு பாசன ஆறு. மேட்டூரை ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடணும்ங்கிறது முறை. அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான். மூடினதுக்கு அப்புறம் பாமணியாத்துல பிள்ளைங்க கிரிக்கெட் ஆடுறதை நீங்களே பார்த்திருப்பீங்க. தண்ணி ஓடுற மாசத்துலயும் கல்லணையிலேருந்து கீழ வரைக்கும் ரெகுலேட்டர், ரெகுலேட்டரா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஷட்டர். படகு ஏறி இறங்க வழி வச்சு அதுல எதையும் கட்டல, கட்டினதே வயலுக்குத் தண்ணியைப் பிரிச்சு விடத்தான். முறை வச்சு விடும்போது ஒரு ஆத்துல தண்ணி வரும், அடுத்த வாரம் வராது. இதை நம்பி யாரு படகு விடுவா? விடவும் கூடாதுன்னுதான் சொல்வேன். கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணி அது.

ஆனா முத்துப்பேட்டை வேற. நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு பிரியுது இல்லையா, அதுல கோரையாறும் உங்க ஊர் வழியா வர்ற பாமணியாறும் கடைசியில போய்ச் சேருற இடம் முத்துப்பேட்டைக் காயல்தான். அங்க கடல் தண்ணி ஏறி இறங்குது, மேட்டூர் மூடினாலும் படகு ஓடும். அப்பாயிக்கு ஒரு நாளாவது அதைக் காட்டுங்க. பொறந்ததிலேருந்து பார்த்த ஆறு எங்க முடியுதுன்னு பார்க்கிறது பெரிய விஷயம்.

கோரையாறு:

முத்துப்பேட்டைக்காரன் நான். ஐயா சொன்னது நூத்துக்கு நூறு சரி.

மன்னார்குடியிலேருந்து ஒரு மணி நேரத்துல வந்துடலாம். ஜாம்பவானோடை பக்கம் படகுத்துறை. ராத்திரி தங்கற படகு கிடையாது, காப்புக்காடு அது. வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போகக்கூடாது, முன்னாடியே ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டு அனுமதி வாங்கிக்குங்க. படகு வாடகை தலைக்கு இல்ல, படகுக்கு. அதனால நாலு பேர் வந்தா கை கடிக்கும், பத்து பேர் வந்தா தலைக்குக் கம்மியாத்தான் வரும். ஒரே படகுல எத்தனை பேர் ஏறலாம்னு கேட்டுட்டு, வாடகையில டீசல் சேர்ந்திருக்கான்னும் கேளுங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், கடல் தண்ணி ஏறுற ஏத்தம், இறங்குற வத்தம் பார்த்துக் கிளம்பணும். காயல் ஆழம் இல்லாதது. முகத்துவாரத்துல மண்ணு தூர்ந்து கிடக்கு. வத்தத்துல போனா படகு சேத்துல தட்டும், சுத்திப் போகணும், நேரமும் டீசலும் கூட ஆகும். ஏத்தத்துல போயிட்டா சுகமா போயிட்டு வரலாம். படகுக்காரர் சொல்ற நேரத்தை வாக்குவாதம் இல்லாம எடுத்துக்குங்க, அவருக்குத் தெரியும்.

உள்ள கடை எதுவும் இல்ல. குடிதண்ணி, சாப்பாடு, தொப்பி எல்லாம் கையோட கொண்டு வாங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல அலையாத்தி மரம் எக்கச்சக்கமா போச்சு, எங்களுக்கு அந்த வலி இன்னும் இருக்கு. வர்றவங்க ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கூட உள்ள போடாம இருந்தா போதும்.

கிள்ளை சரவெடி:

பிச்சாவரத்தையும் சொல்லிடறேன். இங்கயும் தங்கற படகு இல்ல, மணிக்கணக்குல சுத்திக் காட்டுறதுதான். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகு இல்லம். ரேட்டு கவுண்டர்ல போர்டுல எழுதியிருக்கும், பேரம் கிடையாது. துடுப்புப் படகா மோட்டார் படகா, எந்த வழி, எத்தனை பேருங்கிறதைப் பொறுத்து விலை மாறும்.

நிறைய பேர் மோட்டார் படகுன்னா உசத்தின்னு நினைச்சு எடுக்கிறாங்க. ஆனா மோட்டார் படகு அகலமான வாய்க்கால்லதான் போகும். சுரபுன்னை வேர் ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள இறங்கி, கிளை தலை மேல கவிஞ்சு நிக்கிற சின்ன வாய்க்காலுக்குள்ள துடுப்புப் படகுதான் நுழையும். அங்க குனிஞ்சுதான் போகணும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வர்றது. பத்து பேர்னா துடுப்புப் படகு ரெண்டு மூணு எடுக்க வேண்டி வரும். அப்பாயிக்குத் தாழ்வான படகுல உட்கார்ந்து எழுந்திரிக்கிறது கஷ்டம்னா அவங்களுக்கும் கூட ரெண்டு பேருக்கும் மட்டும் மோட்டார் படகு எடுங்க.

நவம்பர், டிசம்பர் நம்ம பக்கம் மழை, புயல் காலம். எச்சரிக்கை விட்டா படகை நிறுத்திடுவாங்க. பொங்கல் சமயம் வானம் தெளிஞ்சுடும்.

நீடாமங்கலத்துக்காரன்:

சரவெடி தம்பி பொங்கல்னு சொன்னதும் எனக்கும் ஒண்ணு தோணுது. பொங்கலுக்கு நமக்குத்தான் நீண்ட லீவு, கேரளாவுல அப்படி இல்ல. புத்தாண்டுக் கூட்டம் வடிஞ்சிருக்கும், அந்த வாரம் விலையைக் கேட்டுப் பாருங்க. ஒரே தொந்தரவு, ஜனவரி 14 வாக்குல சபரிமலை மகரவிளக்கு. கோட்டயம், செங்கன்னூர் பக்கம் ரயில் நிரம்பி வழியும். நம்ம ஊர்லேருந்து காரைக்கால்–எர்ணாகுளம் ரயில் திருவாரூர், தஞ்சாவூர் வழியா வருது, அதுல எர்ணாகுளம் வந்துட்டா அங்கேருந்து ஆலப்புழை பக்கம்தான். டிக்கெட்டை மட்டும் சீக்கிரம் போட்டுடுங்க.

காசு இன்னும் மிச்சம் பிடிக்கணும்னா படகுல தங்காம, கரையில ஹோம்ஸ்டேல தங்கிட்டு மூணு மணி நேரம் ஷிகாராங்கிற சின்னப் படகு எடுங்க. பெரிய படகு நுழையாத தோட்டுக்குள்ள எல்லாம் அது போகும். அரசு பஸ் மாதிரி அரசு படகும் உண்டு, ஆலப்புழை ஜெட்டியிலேருந்து கோட்டயம், நெடுமுடின்னு போகும். டிக்கெட் சில பத்து ரூபாதான். பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் மார்க்கெட்டுக்குப் போறவங்களும் கூட வருவாங்க. என் அம்மாவுக்குப் படகு வீட்டை விட அதுதான் பிடிச்சுது.

அலையாத்தி அக்கா:

எல்லாரும் விலையைப் பத்திச் சொல்லிட்டீங்க. எங்க போனாலும் ஆள் கணக்குல மட்டும் இளகிப் போகாதீங்கன்னு நான் சொல்ல வந்தேன். 2023 மே 7-ல கேரளாவுல தானூர்ல படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க, நிறைய குழந்தைங்க. அளவுக்கு மேல ஆளை ஏத்தினதுதான் அங்க நடந்தது. "ரெண்டு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு படகுக்காரர் சொன்னாலும் நாம ஒத்துக்கக் கூடாது. இன்னொரு படகு எடுக்கிற செலவு செலவே இல்ல. லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு பார்க்கிறதோட விடாம, பிள்ளைங்க அளவுக்கு இருக்கான்னு போட்டுப் பாருங்க. பெரியவங்க ஜாக்கெட்டைப் போட்டா சின்னப் பிள்ளை அதுலேருந்து நழுவிடும். மேல்தட்டுல விளையாட விடாதீங்க.

மன்னை வாசி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ராத்திரி வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேசினோம்.

27,000 சொன்னவர்கிட்டயே பொங்கலுக்கு அடுத்த வாரநாளைக் கேட்டேன், 21,000-னு சொன்னார். அதே பத்து பேர், அதே முழு நேர ஏசி. படகு பேரும் பதிவு எண்ணும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டார். கரையோட ஒட்டி ஏத்துறேன்னு எழுதியே குடுத்திருக்கார். 4,000 அட்வான்ஸ், மிச்சம் ஏறினதுக்கு அப்புறம். குழந்தைங்க ஜாக்கெட்டோட போட்டோ கேட்டிருக்கேன் அக்கா, அது வந்ததும்தான் பணம் அனுப்புவேன்.

அரையாண்டு லீவுக்கு, மழை விட்டுச்சுன்னா, முத்துப்பேட்டை. பாமணியாறு முடியற இடம்னு சொன்னதும் அப்பாயி அதுக்குத்தான் முதல்ல போகணும்னு நிக்கிறாங்க. கோரையாறு அண்ணே, பத்து பேருக்கு ஒரு படகா ரெண்டு படகா, எந்தத் தேதியில காலையில ஏத்தம் வரும்னு துறையில கேட்டுச் சொல்ல முடியுமா?

கோரையாறு:

நாளைக்குக் காலையில துறைக்குப் போறேன், கேட்டுட்டு எழுதுறேன். அதுக்குள்ள நீங்க ரேஞ்ச் ஆபீஸ்ல அனுமதிக்கு எழுதிக் குடுத்துடுங்க. பத்து பேர் பேரும் வயசும், ஆதார் நகலும் கையில வச்சுக்குங்க, எங்கேயாவது கேட்டா உதவும்.