டர்பன் அருகே கீறல் விழுந்த பாறை: பனியாறு நகர்ந்ததை நிலம் எவ்வாறு காட்டிக்கொடுக்கிறது?

சாட்ஸ்வொர்த் வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் செல்லும் வழியில், சாலைக்காகக் குன்றை வெட்டியிருந்த ஓரிடத்தில் என் பேரனுடன் இறங்கிப் பார்த்தேன். அடியில் செம்பழுப்பு மணற்பாறையும் அதன்மேல் நீலச்சாம்பல் நிறத்தில் மிகக் கடினமான வேறொரு பாறையும் இருந்தன. மேலே இருந்த பாறைக்குள் மிளகளவு கல் முதல் பூசணிக்காயளவு கல் வரை, பல நிறங்களில், எந்த ஒழுங்குமின்றிப் புதைந்து கிடந்தன. அடிப்பாறையின் மேற்பரப்பிலோ, ஏர் உழுத சால்களைப் போலக் கீறல்கள் ஒரே திசையில் ஓடின. இது பனியாறு இழைத்த வேலை என்று பேரன் பள்ளிப் பாடத்தை வைத்துச் சொல்கிறான். கரும்பு விளையும் இந்த வெப்பமான கரையில் பனியாறு எப்படி வந்தது? ஆற்று வெள்ளமே இந்தக் கற்களைக் கொண்டுவந்து போட்டிருக்கக் கூடாதா?

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:

வணக்கம் ஐயா. உங்கள் பேரன் சொன்னது சரி. மேலே நீங்கள் கண்டது டுவைக்கா டில்லைட், அதாவது பனியாறு இறக்கிய மண்ணும் கற்களும் சேர்ந்து இறுகிய பாறை. தென்னாப்பிரிக்காவின் வறண்ட உள்நாடான கரூ பகுதியில் ஓடும் டுவைக்கா ஆற்றின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் பகுதியாகத் தென்துருவத்தை ஒட்டி இருந்தபோது படிந்தது அது. அடியிலுள்ள மணற்பாறை சுமார் 49 கோடி ஆண்டுப் பழமையுடையது.

ஆறா, பனியா என்பது நல்ல கேள்வி. ஓடும் நீர் தன் வேகத்துக்கு ஏற்பக் கற்களைத் தரம் பிரிக்கும்: பெரியவை ஓரிடத்திலும் மணல் வேறிடத்திலும் வண்டல் இன்னும் தொலைவிலும் தங்கும். கற்களும் ஒன்றோடொன்று மோதி எல்லாப் பக்கமும் உருண்டைப்படும். பனிக்கோ அந்தத் தேர்வு கிடையாது. நொறுங்கிய கல்மாவையும் பாறாங்கல்லையும் ஒன்றாகவே சுமந்து, உருகும்போது ஒன்றாகவே இறக்கிவிடும். அதற்குள் கிடக்கும் கற்களில் சில, உரைகல்லில் தேய்த்தாற்போல ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அந்தத் தட்டைப் பரப்பில் கீறலும் ஏறியிருக்கும்.

தனிப் பனிக்கட்டியால் பாறையைக் கீற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பனியின் அடியில் உறைந்து ஒட்டிய கற்களும் மணலும்தான், மேலிருக்கும் பெருஞ்சுமையால் அழுத்தப்பட்டு, அடிப்பாறையைக் கீறுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் அதே பரப்பை மெருகேற்றவும் செய்கின்றன. ஆகவே வழவழப்பும் கீறலும் ஒரே கல்முகத்தில் சேர்ந்திருப்பது வலுவான சான்று.

நம் மாகாணத்தின் பழைய பெயரான நேட்டாலின் தலைமை நில அளவையாளராக இருந்த சதர்லேண்ட் என்பவர் 1870-லேயே இந்தப் படிவு பனியால் உண்டானது என்று எழுதினார். அவர் அதற்கு முன் ஆர்க்டிக் கடலுக்குச் சென்ற கப்பல்களில் மருத்துவராகப் பணியாற்றி, பனியாறுகளைக் கண்ணால் பார்த்தவர். பார்த்த பழக்கம் இருந்ததால்தான், வெயில் காயும் நாட்டிலும் அவரால் அதை அடையாளம் காண முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

கிம்பர்லி வாசகி:

எங்கள் ஊருக்கு அருகே, வால் ஆற்றங்கரையில் நூய்ட்கெடாக்ட் என்னும் இடம் இருக்கிறது. சுமார் 270 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைக் குழம்புப் பாறையைப் பனி இழைத்து விட்டுச்சென்ற விரிந்த தளம் அது. மாலை வெயில் சாய்வாக விழும்போது கீறல்கள் மிகத் தெளிவாகத் தெரியும்; உச்சிவேளையில் போனால் பாதிக்கும் மேல் கண்ணில் படாது. அதே வழவழப்பான பரப்பில் சான், கோய் மக்களின் முன்னோர் பின்னாளில் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு காலம் அது அழியாமல் இருந்ததற்குக் காரணம், திறந்து கிடக்காததுதான். பனி இறக்கிய மண்ணும், பிறகு வந்த சேறும் மேலே படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் போர்வையாய் மூடிக் காத்தன. அரிப்பு அந்தப் போர்வையை அண்மைக் காலத்தில்தான் உரித்தது. உரிந்த பிறகு மழையும் வெயிலும் கீறலைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன.

சாட்ஸ்வொர்த் வாசகர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கீறலைப் பார்த்து, பனி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிட முடியுமா?

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:

கீறல் மட்டும் கோட்டைத்தான் காட்டும், போக்கைக் காட்டாது. வடக்கு தெற்காக ஒரு கீறல் இருந்தால், பனி வடக்கிலிருந்தும் வந்திருக்கலாம், தெற்கிலிருந்தும் வந்திருக்கலாம். அதைத் தீர்க்க அருகிலுள்ள பாறை மேடுகளைப் பார்க்க வேண்டும். பனி ஏறி வந்த பக்கம் சரிவாகவும் மெருகாகவும் இருக்கும். இறங்கிய பக்கத்தில் பனி பாறைத் துண்டுகளைப் பெயர்த்து எடுத்துச் சென்றிருப்பதால் அது செங்குத்தாக, கரடுமுரடாக நிற்கும். இரண்டாவது வழி, படிவில் கிடக்கும் அயற்கற்களின் தாய்ப்பாறை எங்கே இருக்கிறது என்று தேடுவது. இந்த முறைகளைக் கொண்டு, நம் மாகாணத்தில் பனி பெரும்பாலும் வடக்கு மேட்டுநிலங்களிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தது என்று காண்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: கோடு போட்ட கல்லெல்லாம் பனியின் கைவண்ணம் அன்று. நிலப்பிளவில் இரு பாறைகள் உரசினாலும் நேர்க்கோடுகள் விழும், ஆனால் அவை பாறையின் உட்பிளவில் இருக்கும், பெரும்பாலும் குவார்ட்ஸ் அல்லது கால்சைட் என்னும் கனிமப் படலம் பூசியிருக்கும். சேற்றுச் சரிவும் தரம் பிரிக்காத கற்குவியலை விட்டுச்செல்லும். கீறிய தளம், தேய்ந்த முகமுள்ள கற்கள், தொலைவிலிருந்து வந்த அயற்கற்கள் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால்தான் நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்தியாவிலும் இதே காலத்துப் பனிப்படிவு உண்டு: ஒடிசாவின் தால்சேர் கற்படுகையைப் பனியோடு தொடர்புபடுத்தி 1856-இலேயே எழுதிவிட்டார்கள். 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி நம் முன்னோர் கடந்த கடல், அந்தக் காலத்தில் திறக்கவே இல்லை. இரு நிலங்களும் ஒரே கோண்டுவானாவில் இருந்தன. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கிம்பர்லி வாசகி:

ஐயா, மீண்டும் அங்கே சென்றால் திசைகாட்டியை வைத்துக் கீறலின் திசையைக் குறித்து, அளவுகோலோடு படமெடுத்து இங்கே இடுங்கள். மணற்பாறை முகத்தைச் சுத்தியலால் தட்ட வேண்டாம், தண்ணீர் தெளித்துப் பார்த்தாலே கீறல் துலங்கும்.