மலவெளியேற்றத் தடையா, மலக்கட்டா? (ஒப்புதல் படிவம், வெள்ளிக்குள்)

மடல் 1
அன்பர்களே, அறுவை ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்குள் தமிழில் தரவேண்டும். எவ்வளவு முக்கினாலும் மலம் முழுதாக வராத நிலை, ‘அப்ஸ்ட்ரக்டெட் டெஃபிகேஷன்’. மலச்சிக்கல் என்றால் குடல் மந்தமும் அதில் சேர்ந்துவிடும். ‘மலவெளியேற்றத் தடை’ சரியா? ரெக்டோசீல் (மலக்குடல் சுவர் பிதுங்குவது), இன்டஸசெப்ஷன் (குடல் தனக்குள்ளேயே மடிந்து இறங்குவது), ரெக்டோபெக்ஸி (மலக்குடலைத் தூக்கிப் பொருத்தும் அறுவை) மூன்றுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2
சித்த மருத்துவத்தில் ‘மலக்கட்டு’ இருக்கிறதே ஐயா. தூய தமிழ் என்று பார்த்தால் ‘பீ’தான்; ‘மலம்’ வடசொல். ‘கால் கழுவி வந்தான்’ போல இதுவும் இடக்கரடக்கல்தான். வடசொல்லே அவைக்கு ஏற்ற சொல் ஆனது எப்படி என்று தனியாகப் பேசலாம்.

மடல் 3
தனியாகவே பேசுவோம். மலக்கட்டும் மலச்சிக்கலும் ஒன்றுதான், காரணத்தைப் பிரிக்காது. இங்கே காரணம்தான் அறுவையை முடிவுசெய்கிறது. முக்கும்போது தளரவேண்டிய தசை இறுகினால் கத்திக்கு வேலை இல்லை, பயோஃபீட்பேக் (தசை அசைவைக் கருவியில் பார்த்துப் பழகும்) பயிற்சிதான். அதை அறிய, மலக்குடலில் வைத்து 50 மி.லி. நீர் நிரப்பிய பலூனை ஒரு நிமிடத்துக்குள் வெளித்தள்ள முடிகிறதா என்று பார்ப்பார்கள். ரெக்டோசீல் என்பது மலக்குடலின் முன்சுவர் பெண்குறிப் பக்கம் பை போலத் தள்ளுவது. மலம் அதில் தங்கும், சிலர் விரலால் அழுத்தித்தான் கழிப்பார்கள். ‘முன்சுவர்ப் பிதுக்கம்’ போதும். ‘புடைப்பு’ என்றால் கட்டி என்று பயப்படுவார்கள். சிறு பிதுக்கம் தொல்லை இல்லாதவர்களிடமும் உண்டு. படத்தில் தெரிந்ததற்காக மட்டும் அறுக்கக் கூடாது.

மடல் 4
இன்டஸசெப்ஷனுக்கு ‘இறக்கம்’ வேண்டாம், குடலிறக்கம் ஹெர்னியாவுக்குப் போய்விட்டது. ‘உட்செருகல்’ என்கிறேன். ‘கண் செருகுகிறது’ என்பதில் செருகு செயப்படுபொருள் குன்றிய வினை, ‘பூவைச் செருகினாள்’ குன்றா வினை. இங்கே குடல் தானே செருகுகிறது, குன்றிய வினை பொருந்தும். உட்செருகல் எவ்வளவு இறங்கியது என்று சொல்லும் ஆக்ஸ்ஃபோர்ட் வரிசையில் 1, 2 நிலைகள் மலக்குடலுக்குள்ளேயே. 3, 4 ஆசனக் கால்வாயை எட்டும். 5 வெளியே தெரியும். ரெக்டோபெக்ஸிக்கு ‘மலக்குடற் பிணிப்பு’.

மடல் 5 (மடல் 3 எழுதியவர்)
பிணிப்பில் பிணியைத்தான் வாசிப்பார்கள் அம்மா. ‘நிலைநிறுத்தல்’ வையுங்கள். முன்புற முறையில் செயற்கை வலையை (மெஷ்) மலக்குடலின் முன்பக்கம் தைத்து, திருவெலும்பின் (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) மேல்முனையில் பொருத்துவார்கள். பின்னும் பக்கமும் பிரிக்காததால் நரம்புகள் தப்பும். பழைய பின்புற முறையில் புதிதாக மலச்சிக்கல் வருவதுண்டு. இன்னொன்று, மெஷ் எரோஷனை ‘வலை அரிப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். சொறிகிற அரிப்பு என்று நினைத்துக் கையெழுத்திடுவார்கள். ‘வலை திசுவைத் துளைத்து வெளிவரலாம்’ என்று முழு வாக்கியமாக வரட்டும்.

மடல் 6 (மடல் 1 எழுதியவர்)
வெளியேற்றத் தடை, முன்சுவர்ப் பிதுக்கம், உட்செருகல், நிலைநிறுத்தல் என்று அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே ஆங்கிலப் பெயரும் தமிழ் எழுத்தில் இருக்கும்.

மடல் 7 (மடல் 2 எழுதியவர்)
அனுப்புங்கள். மலக்கட்டை நான் விடவில்லை. நோயாளி வாயில் வருவது ‘கட்டிக்கிச்சு’தான், ‘தடைப்பட்டது’ இல்லை.